தேறியவர்களும் முன்னேறியவர்களும்

முதியோர் எழுத்தறிவு பற்றிப் பேச மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைக் கையில் வைத்திருப்பார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது ஒன்று, எத்தனை பேர் தேறினார்கள் என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல்போகிற மூன்றாவது எண்ணைத் தேடித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். வகுப்புக்கு வந்த முதல் வாரத்தில் ஒருவர் எவ்வளவு வாசித்தார், வகுப்பு முடிந்தபோது எவ்வளவு வாசித்தார், இரண்டுக்கும் இடையில் அவர் கடந்த தூரம் என்ன? நம் பதிவேடுகளில் வயது இருக்கிறது, சாதி இருக்கிறது, ஆதார் எண்கூட இருக்கிறது. இந்தத் தூரத்தை எழுத மட்டும் ஒரு கட்டம் இல்லை. தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு உயர்ந்தாலும், வாசிப்பு வளர்ந்ததா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. இதுதான் என் வாதம். இதை நிறுவுவதற்குப் புள்ளியியலைவிடத் தமிழ் நெடுங்கணக்கே அதிகம் உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தறிந்தவர் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். தன் அன்றாட வாழ்க்கை பற்றிய எளிய சிறு கூற்று ஒன்றைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் கூடியவர் என்று யுனெஸ்கோ 1958-இல் வரையறுத்தது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையும் ஏறத்தாழ இதுவே: ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஆனால் கணக்கெடுப்பாளர் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதை எழுதிக்கொள்கிறார். 2011-இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு என்று நாம் சொல்லும்போது, இத்தனை பேர் படிக்கத் தெரிந்தவர்கள் என்று அவரவர் வீட்டில் சொல்லப்பட்டது என்பதே அதன் நேர்ப்பொருள். தேசியக் குடும்பநல ஆய்வு ஒரு படி மேலே போய், ஒன்பதாம் வகுப்பு முடிக்காதவர்களிடம் ஒரு வாக்கியம் எழுதிய அட்டையைக் காட்டுகிறது. முழு வாக்கியத்தைப் படித்தாலும் எழுத்தறிந்தவர், அதில் ஒரு பகுதியைப் படித்தாலும் எழுத்தறிந்தவர். 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைக்கிறார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50, தேற 33 விழுக்காடு. இவை ஒவ்வொன்றும் ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்கின்றன. ஒரு மாநிலத்தின் நிலையை அறிய அது போதும். ஒரு வகுப்பு என்ன செய்தது என்பதை அறியப் போதாது.

ஒரு கணக்குக்காக இரண்டு மையங்களை வைத்துக்கொள்வோம். முதல் மையத்தில் இருபது பேர்; அவர்களில் பதினான்கு பேர் சிறுவயதில் மூன்றாம் வகுப்புவரை போய் நின்றவர்கள். இரண்டாவது மையத்திலும் இருபது பேர், ஒருவர்கூடப் பள்ளிப்படி ஏறியவர் இல்லை. தேர்வில் முதல் மையம் பதினெட்டுப் பேரைத் தேற வைக்கிறது, இரண்டாவது எட்டுப் பேரை. பாராட்டுச் சான்றிதழ் முதல் மையத்துக்குப் போகும். ஆனால் அந்தப் பதினான்கு பேரும் வந்த நாளிலேயே அந்தத் தேர்வை எழுதியிருந்தால் தேறியிருப்பார்களோ என்னவோ, நமக்குத் தெரியாது. யாரும் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டாவது மையத்தின் தன்னார்வலர், கோட்டைத் தொடாத பன்னிரண்டு பேரையும் ஓர் எழுத்தும் அறியாத நிலையிலிருந்து சொற்களைக் கூட்டிப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கலாம். பதிவேட்டில் அவர்கள் ‘தேறாதவர்கள்’. இதில் கற்பவருக்கு இழைக்கப்படும் அநீதியைவிட நிர்வாகத்துக்குக் கிடைக்கும் தவறான பாடம்தான் ஆபத்தானது. அடுத்த ஆண்டு இலக்கை எட்ட விரும்புகிற எவரும் அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பார்கள். திட்டம் யாருக்காக வந்ததோ அவர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, தூரத்தை அளக்கலாம், எந்தக் கோலால்? 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் இதற்கு ஒரு விடை சொன்னது. அந்த இயக்கத்தின் அளவுகோல் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எண்ணிப் பார்த்தது: வாய்விட்டு வாசித்தால் 30 சொல், மௌனமாக வாசித்தால் 35, பார்த்து எழுதினால் 7, சொல்லக் கேட்டு எழுதினால் 5. அன்றைக்கு அது துணிச்சலான காரியம். கையெழுத்துப் போடத் தெரிந்தாலே எழுத்தறிவு என்ற மயக்கத்தை அது உடைத்தது. ஆனால் இந்தியாவின் எல்லா மொழிக்கும் ஒரே முப்பது. இங்கேதான் தமிழ் தகராறு செய்கிறது. ‘அவர்கள் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சொல். இதையே இந்தியில் ‘வே பாஜார் ஜா ரஹே ஹைன்’ என்பார்கள்; ஐந்து சொல். எழுத்தை எண்ணினால் கதை தலைகீழ். புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்துத் தமிழில் இருபத்து நான்கு எழுத்து, இந்தியில் எட்டு. முப்பது சொல் என்ற இலக்கைத் தொட, இதுபோன்ற வாக்கியங்களில் இந்தி கற்பவர் ஆறு வாக்கியம் படித்தால் போதும், தமிழ் கற்பவர் பத்து வாக்கியம் படித்தாக வேண்டும். எனக்கு வசதியான ஒரு வாக்கியத்தைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். எல்லா வாக்கியமும் இவ்வளவு தூரம் விலகாது. ஆனால் ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சொல்லை வளர்க்கும் மொழியில் சொல் என்பது நிலையான அலகாக இருக்க முடியாது. அதற்கு இந்தியோடு ஒப்பிடக்கூட வேண்டியதில்லை. அதே வாக்கியத்தை ‘அவர்கள் சந்தைக்குப் போய்க் கொண்டு இருக்கிறார்கள்’ என்று பிரித்து அச்சிடுங்கள். இப்போது ஐந்து சொல். எழுத்தில் ஒன்றே ஒன்று கூடியிருக்கிறது. இதை ஒருவர் பத்து நொடியில் படித்தார் என்றால், சேர்த்து அச்சிட்ட தாளில் அவர் வேகம் நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொல், பிரித்து அச்சிட்ட தாளில் முப்பது. ஒன்றில் தோல்வி, மற்றொன்றில் வெற்றி. படித்தவரிடம் ஒரு மாற்றமும் இல்லை. அச்சுக்கோத்தவர் இரண்டு இடத்தில் இடைவெளி விட்டார், அவ்வளவுதான்.

ஆகவே தமிழில் வாசிப்பு வேகத்தை எழுத்தால் எண்ண வேண்டும் என்கிறேன். ஒரு நிமிடத்தில் பிழையின்றிக் கடந்த எழுத்து எத்தனை? கைப்பேசியில் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுத்தின் எண்ணிக்கையைச் சிறியதாக அச்சிட்டுவிட்டால் எட்டாவது படித்த தன்னார்வலர்கூடக் கணக்கிட்டுவிடலாம். எழுத்தை எண்ணும்போது இன்னொரு நன்மையும் வருகிறது: எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது தெரிகிறது. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று மலைக்க வைப்பார்கள். உண்மையில் கற்பவரைத் தடுக்குவது எண்ணிக்கை இல்லை, குறிகள் நிற்கும் இடம். ‘கொடை’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் நடுவில், துணைக்கால் பின்னால். இரு பக்கமும் நிற்பவற்றை நடுவில் இருப்பதோடு சேர்த்து ஒரே ஒலியாக எழுப்ப வேண்டும். விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்கிறவர் கொம்பின்மேல் விரலை நிறுத்தி, அடுத்து வருவதைப் பார்த்து, திரும்பி வந்து, பிறகுதான் வாயைத் திறக்கிறார். கையெழுத்தில் துணைக்காலும் ரகரமும் பல பேருக்கு ஒன்றுபோல் இருக்கும். ‘கௌ’வில் வருவது குறியா ளகரமா என்ற குழப்பம் வேறு. போதாததற்கு, 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் இரண்டாம் வகுப்போடு நின்றவர்கள் ணை, றா, னை போன்றவற்றின் பழைய வடிவங்களைக் கற்றவர்கள். புதிய வடிவத்தில் அவர்கள் திணறுவது மறதியால் மட்டும் இராது. முதல் அளவீட்டிலேயே இது பிடிபட்டால் பாடம் மாறும். ஆண்டு இறுதித் தேர்வில் பிடிபட்டு என்ன பயன்?

வேகம் மட்டும் போதுமா, புரிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. வேகத்தை ஏன் முதலில் அளக்கிறோம் என்றால், மிக மெதுவாகப் படிக்கிறவர் வாக்கியத்தின் வாலுக்கு வருவதற்குள் தலை மறந்துபோகிறது. உலக வங்கியில் பணியாற்றிய ஹெலன் அபாட்சி போன்றோர் முதியோர் வகுப்புகளைப் பற்றி இதைத்தான் வலியுறுத்தி வந்தார்கள். ஆயினும் வேகம் வாசல் மட்டுமே. உள்ளே போனாரா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தமிழே நமக்கு இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்திருக்கிறது. நம் வல்லெழுத்து, ஒலியை முழுதும் சொல்வதில்லை. ‘கேஸ் வீட்டுக்கு வந்துவிட்டது’, ‘கேஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டது’ என்று இரண்டு வாக்கியம். எழுத்து ஒன்றே. சமையலறைக்கு வருவதற்கு ஓர் ஒலி, வழக்கறிஞரிடம் போவதற்கு வேறு ஒலி. இரண்டையும் சரியாக ஒலிக்கிறவர் எழுத்தைக் கூட்டியதோடு நிற்கவில்லை, வாக்கியத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். எழுத்து அதைச் சொல்லவில்லை, பொருள்தான் சொல்லியிருக்கிறது. இரண்டாவது சாளரம் இதைவிடப் பெரியது. அட்டையில் ‘பெண்கள் அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று இருக்கிறது. படிக்கிறவர் ‘பொம்பளைங்க அரிசி வாங்கிக்கிட்டிருக்காங்க’ என்கிறார். மதிப்பீட்டாளர் சிவப்புப் பேனாவால் இரண்டு பிழை போடுகிறார். எதைத் தண்டிக்கிறோம் என்று யோசித்தோமா? எழுதிய தமிழைக் கண்ணால் வாங்கி, பொருளாக்கி, தன் பேச்சில் திருப்பித் தந்திருக்கிறார். எழுத்தெழுத்தாக உச்சரித்துவிட்டு என்ன படித்தோம் என்று தெரியாமல் விழிப்பவருக்கு முழு மதிப்பெண், இவருக்குக் குறைவு! வாசிப்பவரின் பிழைகளே அவர் பொருளை எப்படித் தேடுகிறார் என்பதற்குச் சான்று என்று அமெரிக்காவின் கென்னத் குட்மன் 1960-களிலேயே வாதிட்டார். எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் இவ்வளவு விலகி நிற்கும் தமிழில் அந்த வாதம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பேச்சுவழக்குக்கு மாற்றிப் படிப்பதைப் பிழையாக எண்ணக் கூடாது. தனிக் குறியிட்டு, முன்னேற்றத்தின் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

அளப்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று கண். நாற்பது வயதுக்கு மேல் அருகிலுள்ள எழுத்து மங்குவதற்கு நம் மக்கள் வைத்த பெயர் வெள்ளெழுத்து. முதியோர் வகுப்பில் இருப்பவர்களில் கணிசமானோர் இந்த வயதினர். பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ, ஒற்றை பல்பின் கீழ் உட்காருகிறவர்கள். தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறவரிடம் வாசிப்புச் சோதனை வைத்தால் நாம் அளப்பது கல்வியையா, கண்ணாடி இல்லாமையையா? அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு அருகுப் பார்வைக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை, பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. இலைக்கே அப்படி என்றால் எழுத்துக்குக் கேட்க வேண்டுமா? கண்ணாடி கொடுக்காமல் எடுத்த முதல் அளவீடு வீண்.

இனி அளவீட்டின் நேர்மை பற்றி. முதல் சோதனையில் பலர் தடுமாறுவது அச்சத்தால். தாளும் பேனாவும் கடிகாரமும் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதும் புதிது. இரண்டாம் முறை அச்சம் போய்விடும், மதிப்பெண் ஏறிவிடும்; ஏறியதெல்லாம் கற்றல் ஆகாது. அதனால் முதல் வாரத்தில் இரண்டு முறை வைத்து இரண்டாவதையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும். அடுத்தது வராதவர் கணக்கு. இருபது பேரில் தொடங்கி இறுதி நாளில் பதினொரு பேர் இருந்தால், பதினொரு பேரின் சராசரியை வகுப்பின் சராசரி என்று எழுதிவிடுகிறோம். மற்ற ஒன்பது பேர் எங்கே போனார்கள்? அறுப்புக்குப் போயிருப்பார்கள், குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் தொடங்கிய இடமாவது பதிவில் இருந்தால், நின்றுபோனவர்கள் பெரும்பாலும் பின்தங்கியவர்களா, இல்லை எல்லா நிலையினருமா என்று தெரியும். இந்த ஒரு விவரம் இல்லாத முன்னேற்றப் புள்ளிவிவரத்தை நான் நம்புவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாவது அளவீடு வேண்டும்: வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து. தமிழ்நாட்டின் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் முதற்கட்டத்தை அடுத்துத் தொடர்கட்டம் ஒன்றைத் திட்டமிட்டதற்குக் காரணமே, கற்ற எழுத்து புழங்காவிட்டால் அழிந்துபோகும் என்ற பட்டறிவுதான். நைஜர் நாட்டில் ஜென்னி அக்கர் முதலானோர் 113 கிராமங்களில் நடத்திய ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். அங்கே எல்லா ஊரிலும் முதியோர் வகுப்பு நடந்தது. சில ஊர்களில் மட்டும் எளிய கைப்பேசியைப் பயன்படுத்தவும் சேர்த்துக் கற்பித்தார்கள். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். கைப்பேசி சேர்ந்த ஊர்களின் மதிப்பெண் கூடுதலாக இருந்தது. வகுப்பு முடிந்து ஏழு மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோதும் கணக்கில் அந்த மேம்பாடு நிலைத்திருந்தது. உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்றில் ஏழு மாதம் கழித்துத் திரும்பிப் போய் அளக்க முடிந்திருக்கிறது. நமக்கு வசதி போதவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, வயதானவர்களுக்குச் சோதனை வைப்பது அவமானம் என்பது. தேர்வுக்கூடம், வரிசை எண், அறிவிப்புப் பலகையில் தேறியோர் பட்டியல் என்றால் அவமானம்தான், நானும் எதிர்க்கிறேன். ஆனால் நம் கிராமத்துப் பெண்களுக்கு அளவு புதிதில்லை. பால் சொசைட்டியில் ஒவ்வொரு காலையும் அளந்து ஊற்றுகிறார்கள், பருத்தி எடுத்தால் எடை போட்டுக் கூலி வாங்குகிறார்கள், சுய உதவிக்குழுவில் வட்டியைப் பைசா சுத்தமாகக் கேட்கிறார்கள். தராசில் கல் குறைந்தால் சண்டை பிடிக்கிறவர்கள் அவர்கள். போன மாதம் நாற்பது எழுத்து, இந்த மாதம் எழுபது என்று அவருக்கு மட்டும் சொன்னால் அதில் அவமானம் எங்கே வருகிறது?

இரண்டாவது எதிர்வாதம் புதுக்கோட்டையிலிருந்து வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் அங்கே பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. ஆயிரமாயிரம் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த மாற்றத்தை நிமிடத்துக்கு இத்தனை எழுத்து என்ற கோலால் அளக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது, அளக்கவும் கூடாது. எழுத்தறிவு இயக்கத்தின் பெருமை அந்தச் சைக்கிளில் இருக்கிறது என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் சைக்கிள் ஓட்டுவது ஊருக்கே கண்ணுக்குத் தெரிந்தது. வாசிப்பு அப்படித் தெரியாது. தெரிகிற வெற்றியைக் காட்டித் தெரியாததையும் வெற்றி என்று வரவு வைப்பதுதான் தவறு. துணிவு வந்த பெண்ணுக்கு வங்கிச் சலானைப் படிக்கவும் வர வேண்டும். வரவில்லை என்றால், அவருக்கு நாம் இன்னும் ஏதோ பாக்கி வைத்திருக்கிறோம் என்று பொருள்.

மூன்றாவதுதான் வலுவானது, அதை வெளிப்படையாக யாரும் சொல்வதும் இல்லை: உண்மையாக அளந்தால் முன்னேற்றம் சிறியதாகத் தெரியும், சிறியதாகத் தெரிந்தால் அரசு பணத்தை நிறுத்திவிடும். சிறியதாகத்தான் தெரியும். பிகாரிலும் ராஜஸ்தானிலும் தாய்மார்களுக்கான வகுப்புகளைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தவர்கள் கண்ட மேம்பாடும் சிறியதே. ஏன் சிறியது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் மூன்று பயிற்றுநூல்களுக்கும் சேர்த்து ஒதுக்கிய நேரம் ஏறத்தாழ 200 மணி. கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஓராண்டில் கிடைக்க வேண்டிய கற்பித்தல் நேரம் 800 மணி. அதாவது ஒன்றாம் வகுப்பின் காலாண்டு அளவு நேரத்தை, களையெடுத்துவிட்டு வந்த உடம்பிடம் கொடுத்து, அதற்குள் வாசகராகிவிடு என்கிறோம். சிறிய முன்னேற்றம் என்பது அவர்களின் தோல்வியா, நாம் கொடுத்த நேரத்தின் அளவா? அளந்தால்தான் இந்தக் கேள்வியை நிதித்துறையிடம் எண்ணோடு கேட்க முடியும். மாறாக, எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று அறிவித்த மறுநாள் மையத்தைத் திறந்து வைக்க நம்மிடம் என்ன காரணம் மிஞ்சும்? வீங்கிய எண்ணிக்கைதான் வகுப்பை மூடுகிறது.

மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்று வகுப்பு தொடங்கும்போது, பயிற்றுநூலைப் பிரிப்பதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். முதல் வாரத்திலேயே இரண்டு முறை ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, எழுத்து எண்ணி அச்சிட்ட ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள்; படித்ததிலிருந்து மூன்று கேள்வி கேளுங்கள்; எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறியுங்கள். முடியும்போது வேறொரு பக்கத்தை வைத்து மீண்டும் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை. ஒரு பிரதியை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நோட்டை அவரவரிடமே கொடுத்துவிடுங்கள்.